சிறு அமெரிக்கக் கல்லூரியின் வளாக வாழ்வை ஆய்வேடாக எழுத வருவோருக்கு: பெரீயா கல்லூரியைப் படித்த அனுபவம்

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றை எடுத்து, அதில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்லூரி வாழ்வைப் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஹார்வர்டு, யேல் என்றே ஆரம்பிக்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுதிக் குவித்திருப்பதைப் படித்து முடிப்பதற்கே நமக்குக் கொடுத்த காலம் போதாது. நான் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைப்பகுதியின் விளிம்பில் இருக்கும் பெரீயா கல்லூரியை எடுத்துக்கொண்டு எழுதினேன். அந்தப் படிப்பில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: சிறு கல்லூரி ஒன்றின் வளாக வாழ்வை, அங்கே யார் உழைத்தார்கள், யாருக்கு உள்ளே இடம் மறுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளிலிருந்து படிக்க வேண்டும். கால்பந்து, பாட்டு, பேச்சு மன்றம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

முன்வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் 1855இல் அங்கே ஓரறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1859இல் அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் என்பவர் நடத்திய ஆயுதக் கலகத்தால் தென்மாநிலங்கள் கொதித்திருந்த நேரத்தில், அடிமை உடைமையாளர்கள் ஃபீயையும் கூட்டாளிகளையும் ஊரைவிட்டே துரத்தினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அவர்கள் திரும்பிவந்த பின் 1866இல் சேர்ந்த 187 மாணவர்களில் 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். அடிமை முறை இருந்த ஒரு மாநிலத்தில், அது சட்டப்படி ஒழிந்த மறு ஆண்டே இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

நம் காலப்பகுதி 1892இல் ஆரம்பிக்கிறது. ஓபர்லின் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்துவந்த வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் அந்த ஆண்டு பெரீயாவின் தலைவராகி 1920 வரை பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் சாப்பாட்டுக்கும் அறைக்கும் மாணவர் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க முடியாதவர்கள் வளாகத்திலேயே வேலை செய்து ஈடுகட்டினார்கள். பண்ணை, சமையற்கூடம், சலவை, தச்சு, செங்கல் சூளை என்று வேலை பல வகைப்பட்டது. ஆண்டுதோறும் கல்லூரி வெளியிட்ட கையேட்டை எடுத்து முதலில் இந்தப் பகுதியைத்தான் படிக்க வேண்டும். எந்தத் துறையில் என்ன பாடம் என்பதைவிட, ஓர் ஏழை மாணவனின் நாள் எப்படிப் பகுக்கப்பட்டிருந்தது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும்.

அதே கையேட்டின் மாணவர் எண்ணிக்கையை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். அன்றைய பெரீயாவில் தொடக்கநிலை வகுப்புகள், உயர்நிலைப் பள்ளிக்கு நிகரான அகாடமி, ஆசிரியர் பயிற்சிப் பிரிவு, தொழிற்பிரிவு ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இருந்தன. பட்டப்படிப்பில் இருந்தவர்கள் அந்த மொத்தத்தில் சிறு பகுதியினரே. அக்காலத்துச் சிறு கல்லூரிகள் பலவற்றில் இதுவே நிலை என்பதால், இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது பிரிவு வாரியாகத்தான் ஒப்பிட வேண்டும். ஆண்டு முழுதும் தங்கிப் படித்தவர்கள் மட்டுமே மாணவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. கறுப்பின வரலாற்று ஆய்வைத் தனித் துறையாக வளர்த்த கார்ட்டர் வுட்சன் 1903இல் பெரீயாவில் பட்டம் பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்துகொண்டே, இடையிடையே வந்து படித்தார். நான்கு ஆண்டு விடுதி வாழ்க்கை என்று நம் மனத்தில் இருக்கும் படம் அவருக்குப் பொருந்தாது.

உழைப்பைப் பற்றி எழுதும்போது கட்டடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1906இல் முடிந்த ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் வழிபாட்டுக் கூடத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒலிவியா ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ். செங்கல் அறுத்ததிலிருந்து கட்டுவேலை வரை மாணவர் கைகள் அதில் இருந்தன. 1909இல் எழுந்த பூன் டேவர்ன் என்ற விருந்தினர் விடுதியும் கல்லூரிச் சூளையின் செங்கல்லால் ஆனது. வந்து குவியும் விருந்தாளிகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சமாளிக்க முடியாத தலைவரின் மனைவி நெல்லி ஃப்ராஸ்ட் கேட்டுக்கொண்டதால் வந்த விடுதி அது. இந்த விருந்தாளிகளில் பலர் நன்கொடையாளர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால், கல்லூரியின் வரவு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

நெசவுக்கும் இதே கதைதான். மலையூர்ப் பெண்கள் வீட்டுத் தறியில் நெய்த போர்வைகளைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாகக் கொண்டுவந்தார்கள். வடமாநிலங்களில் அவற்றுக்கு நல்ல கிராக்கி இருப்பதைக் கண்ட ஃப்ராஸ்ட், நெசவைக் கல்லூரியின் தொழிலாகவே அமைத்தார். நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள் ஓடும் அந்தப் போர்வைகளின் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஆய்வேட்டில் ஒன்றையாவது சேர்த்து, அதை நெய்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் கல்லூரி நின்ற இடத்தை விளக்குங்கள். மலைமக்களை நம் சமகால மூதாதையர் என்று ஃப்ராஸ்ட் 1899இல் அட்லாண்டிக் மந்த்லி என்ற மாத இதழில் எழுதிய கட்டுரையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நன்கொடை தரக்கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதியது அது. அதை மலைவாழ்வின் சான்றாக எடுத்துக்கொள்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஒழுங்கு விதிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மதுவும் புகையிலையும் கூடாது, வழிபாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும், இரகசியச் சங்கங்களுக்கு இடமில்லை என்பன போன்றவை அன்றைய சமயச் சார்புள்ள கல்லூரிகள் பலவற்றுக்கும் பொது. மாணவர்கள் கூடி விவாதித்த இலக்கிய மன்றங்களும் அப்படியே.

அதிக நேரத்தை 1904ஆம் ஆண்டின் டே சட்டத்துக்கு ஒதுக்குங்கள். சட்டமன்ற உறுப்பினர் கார்ல் டே கொண்டுவந்த இச்சட்டம், வெள்ளை மாணவரையும் கறுப்பின மாணவரையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பிக்கும் எந்தக் கல்வி நிலையத்தையும் கென்டக்கியில் குற்றமாக்கியது. நிலையத்துக்கு 1,000 டாலர் அபராதம். அதற்குமேலும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 டாலர். அங்கே படிக்கும் மாணவருக்கே நாளுக்கு 50 டாலர். ஒரே நிர்வாகம் இரு இனத்தாருக்கும் தனித்தனிக் கிளை நடத்துவதாக இருந்தாலும், அவற்றுக்கிடையே 25 மைல் தூரம் இருக்க வேண்டும் என்றது இன்னொரு பிரிவு. அந்த மாநிலத்தில் இரு இனத்தாரையும் சேர்த்து நடந்துகொண்டிருந்த கல்லூரி பெரீயா என்பதால், சட்டத்தில் பெயர் எழுதாமலே குறி அதன்மேல் இருந்தது. அபராதம் விதிக்கப்பட்டது, கல்லூரி வழக்காடியது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 25 மைல் பிரிவை மட்டும் நியாயமற்றதென்று தள்ளி, மற்றதை நிலைநிறுத்தியது. 1908 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கல்லூரிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

பெரீயா கல்லூரி எதிர் கென்டக்கி என்ற அந்தத் தீர்ப்பைச் சுருக்கக் குறிப்பில் படித்துவிட்டு விட்டுவிடாமல், முழுமையாகப் படியுங்கள். நீதிபதி ப்ரூவரின் பெரும்பான்மைத் தீர்ப்பு இன நீதி என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. கல்லூரி என்பது மாநிலம் உருவாக்கிய ஒரு நிறுவனம். உருவாக்கிய மாநிலத்துக்கு அதன் சாசனத்தை மாற்றும் உரிமை உண்டு. தனிமனிதருக்கு இது பொருந்துமா என்பது வேறு விஷயம் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டது. கென்டக்கியிலேயே பிறந்து வளர்ந்த நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் இதை ஏற்கவில்லை. சட்டத்தின் நோக்கம் நிறுவனச் சாசனம் அல்ல, இரு இனத்தார் சேர்ந்து படிப்பதைத் தடுப்பதே என்று அவர் காட்டினார். இதை ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஒரே தேவாலயத்தில் சேர்ந்து வழிபடுவதையும் அரசு குற்றமாக்கலாமே என்று கேட்டார். வழக்கறிஞர் அல்லாத மாணவருக்கும் இந்தப் பகுதி நன்றாகப் புரியும். வளாக வாழ்வு என்பது கல்லூரி மதிலுக்குள் முடிவதில்லை, சட்டமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு அதை ஒரே கோடையில் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்துக்குப் பிந்தைய பகுதியில் நிதானம் தேவை. அறங்காவலர்கள் பெரீயாவை வெள்ளை மாணவர்களுக்கென வைத்துக்கொண்டார்கள்; கறுப்பின மாணவர்கள் ஃபிஸ்க், ஹாம்ப்டன் போன்ற கறுப்பினத்தவருக்கான கல்வி நிலையங்களுக்குச் செல்ல உதவினார்கள்; எஃகுத் தொழிலதிபர் கார்னெகி கொடுத்த 2,00,000 டாலரோடு மேலும் பணம் திரட்டி, கென்டக்கியின் ஷெல்பி மாவட்டத்தில் 1912இல் கறுப்பின மாணவர்களுக்கென லிங்கன் நிலையத்தைத் திறந்தார்கள். இதை மட்டும் எழுதினால் ஃப்ராஸ்ட் முழுக்க முழுக்கப் பாதிக்கப்பட்டவராகத் தெரிவார். சட்டம் வருவதற்கு முன்பே அவர் மலைப்பகுதி வெள்ளை மாணவர்களைப் பெருமளவில் சேர்த்து, கறுப்பின மாணவரின் விகிதம் குறைய வழிசெய்தார் என்பதையும், பழைய கறுப்பின மாணவர்கள் இதை அப்போதே கண்டித்தார்கள் என்பதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவரும் அவர்தான். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைப்பதே நேர்மை.

மூலங்கள் வீட்டிலிருந்தே கிடைக்கும். பழைய கையேடுகளை இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்தி டிரஸ்ட் என்ற இணைய நூலகங்களில் தேடுங்கள். 1899இல் தொடங்கிய தி சிட்டிசன் என்ற பெரீயா வார இதழ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் இருக்கிறது. அதில் தலைப்புச் செய்திகளைவிட, யார் ஊருக்குப் போனார், யார் வேலைக்கு வந்தார் என்ற ஊர்ச் செய்திகள்தான் நமக்கு வேண்டியவை. ஆனால் அந்த இதழைத் தொடங்கியவர் ஃப்ராஸ்ட் என்பதால், 1904ஆம் ஆண்டுப் பிரதிகளைப் படிக்கும்போது அது எதைப் பேசாமல் விடுகிறது என்பதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி, ஆய்வை ஏன் 1920இல் நிறுத்தினீர்கள் என்பது. ஃப்ராஸ்ட் ஓய்வுபெற்றதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் டே சட்டம் திருத்தப்பட்டு, பெரீயா மீண்டும் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1950இல்தான். எந்த ஆண்டில் நிறுத்தினாலும், 1904 முதல் 1950 வரையிலான அந்த நாற்பத்தாறு ஆண்டு இடைவெளிக்கு முன்னுரையிலேயே ஒரு பத்தி ஒதுக்கிவிடுங்கள். தேர்வாளர் அதைத் தேடிப் பார்ப்பார்.