சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும்போது

கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் பிடித்துப்போவதற்குப் பழைய நினைவுகள்தான் காரணம் என்பார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. எது வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எடுப்பவர் கைக்கு வருகிறதே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு ரோஜா. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். எல்லா நிறத்தையும் உணரும் சாதாரண பாங்க்ரோமேட்டிக் ஃபிலிமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழுந்து, பூ இலைக்குள் தொலைந்துபோகும். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் பூ வெளுத்து இலை கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் நேர்மாறு. ஃபில்டர் ஒளியைத் தடுப்பதால், மஞ்சளுக்கு 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), ஆரஞ்சுக்கு 2, அடர்சிவப்புக்கு 3 ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா தானாகவே ஈடுகட்டும் என்றாலும், சிவப்பு ஃபில்டரில் அந்த அளவு பல சமயம் தப்பும். ஃபில்டரைக் கழற்றி அளந்து, கையால் கூட்டுவதே நல்லது.

வானம் கறுக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பைப் போடுபவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். மூட்டமான வெள்ளை வானத்தில் நீலமே இல்லை, அதனால் ஃபில்டருக்கு வேலையும் இல்லை. வெயில் நாளிலோ நிழலுக்குள் வருவது வானத்தின் நீல ஒளி. சிவப்பு ஃபில்டர் அதையும் தடுத்துவிடும், நிழல் மை பூசியதுபோல் ஆகிவிடும். முகத்துக்கு அது வேண்டவே வேண்டாம்: உதடு வெளுத்து, தோல் சுண்ணாம்பாகும்.

ஒளியை அளக்கும் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். அதனால் விவரம் தெரிய வேண்டிய நிழலை அளந்து, 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள். நிழலில் பதியாததை, படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரால் வரவழைக்க முடியாது. வெளிச்சப் பகுதி எவ்வளவு அடர்த்தியாகும் என்பதை மட்டும் டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து மாற்றலாம்.

கழுவும் கணக்கு இது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிம், ஐஎஸ்ஓ 400-இல் எடுத்தது. 35 மி.மீ. சுருள் ஒன்றுக்கு ஐடி-11 டெவலப்பர் 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி.; 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். வெப்பம் 24 டிகிரி என்றால் சுமார் 9 நிமிடம் போதும். 5 நிமிடத்துக்குக் கீழே நேரத்தை இறக்காதீர்கள், படம் திட்டுத்திட்டாக வரும். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள், ஃபிலிம் இருக்கும் டாங்க்கை 4 முறை கவிழ்த்து நிமிர்த்தி, மேசையில் ஒரு தட்டு. தட்டாவிட்டால் ஃபிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழி அந்த இடத்தில் டெவலப்பரை அண்டவிடாது. பிரிண்டில் அது கரும்புள்ளியாகத் தெரியும். வேகமாகக் குலுக்கினால் ஃபிலிமின் துளை ஓரங்களில் கோடு விழும்.

படத்தை நிலைக்கவைக்கும் கரைசலான ஃபிக்ஸரில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெட்டிப்போட்ட ஃபிலிம் நுனியில் ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு, அரை நிமிடம் கழித்து அந்தத் துண்டு முழுவதையும் அதே கரைசலில் முக்குங்கள். சொட்டு விழுந்த தடம் சுற்றியுள்ள பகுதியோடு கலந்து மறைய ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்ய வேண்டும். புதுக் கரைசலில் மறைய ஆன நேரம் இரட்டிப்பாகிவிட்டால், அந்த ஃபிக்ஸர் தீர்ந்தது. நெகட்டிவ் பால்போல் மங்கினால் பயம் வேண்டாம், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளியும். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி 5, 10, 20 முறை கவிழ்த்தால் அலசல் முடிந்தது. தண்ணீர் மற்றக் கரைசல்களின் வெப்பத்திலேயே இருக்கட்டும்.

இந்த அலசலைச் சரியாகச் செய்தால் படமாக மிஞ்சுவது எளிதில் மங்காத வெள்ளி உலோகம். வண்ண ஃபிலிமில் வெள்ளியை வெளுத்து நீக்கிவிடுவதால் இருப்பது சாயம் மட்டுமே, சாயம் மங்கும். வண்ணத் திரைப்படங்களைக்கூட நெடுங்காலம் காக்க, சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளாகப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் எடுத்து வைப்பது இதனால்தான்.

டிஜிட்டலில் எடுப்பவர்கள் நிறத்தை மொத்தமாகப் பூஜ்யமாக்காமல், கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கினால் ஃபில்டர் வேலை அங்கேயும் நடக்கும். ஃபிலிம்காரர்கள் நெகட்டிவைப் பாலிப்ரோப்பிலீன் உறையில் வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் வாயு விட்டு, ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும்.