சர்க்கரைக்கு முன்னால் வந்த கால் எரிச்சல்

மன்னார்குடியை அடுத்த எங்கள் ஊரில் சம்பா நடவு முடிந்த சமயம், இரவில் படுத்தால் இரண்டு உள்ளங்கால்களிலும் மணல் ஒட்டியிருப்பதுபோல் தோன்றத் தொடங்கியது. கழுவித் துடைத்தாலும் அந்த உணர்வு போகவில்லை. நள்ளிரவில் அதுவே எரிச்சலாக மாறி, போர்வை பட்டாலே கூசியது. உடம்புச் சூடு என்று வீட்டில் மருதாணி அரைத்துப் பூசினார்கள்; கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது.

வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 97. நூறுக்குள் இருந்ததால் சர்க்கரை நோய் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எரிச்சல் குறையாததால் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சென்றேன். கட்டைவிரலில் அதிர்வுக் கருவியை வைத்துப் பார்த்தபோது அதிர்வு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஊசி முனையும் குளிர்ச்சியும் பாதத்தில் மங்கலாகவே பட்டன. நரம்புக் கடத்தல் சோதனையிலும் குறையில்லை என்றே வந்தது. நோயில்லை என்று பலர் வீடு திரும்பிவிடக்கூடிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும் என்றும், வலியையும் சூடு, குளிர்ச்சியையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் அதில் அகப்படுவதில்லை என்றும், உடலின் மிக நீளமான நரம்புகள் பாதத்தில் முடிவதால் பாதிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் அதைக் குடித்து முடிப்பதற்குள் குமட்டிவிட்டது. முடிவு 168 என்று வந்தது. 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-ஐ எட்டினாலோ தாண்டினாலோ நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 இருந்தது, அதுவும் 5.7 என்ற எல்லையைத் தாண்டியதுதான்.

இரவு எரிச்சலுக்கு மட்டும் மாத்திரை தந்தார். மூன்று வேளையும் அரிசியே உண்ணும் வழக்கத்தைக் குறைத்து, தினமும் நடந்து, எடையைக் குறைக்கச் சொன்னார். வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றபோது, நடவு வயலில் செருப்போடு இறங்க முடியுமா என்று கேட்டேன். சேற்றில் இறங்காமல் வரப்பிலேயே நின்று வேலை வாங்குங்கள் என்றார். எரிச்சல் இப்போது பெருமளவு தணிந்திருக்கிறது. விரல் நுனிகளில் மட்டும் மதமதப்பு மிச்சமிருக்கிறது.