நான்கு மணி வானமும் உயர்தரப் பரீட்சையும்

2024ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு வாரம் ஆகிறது. பௌதிகவியலிலும் இணைந்த கணிதத்திலும் ஏ, இரசாயனவியலில் பி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவரும் வரை எந்தப் பீடம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். அடுத்து எழுதப்போகிற தம்பி தங்கைகள் சிலர், "வானம் பார்ப்பதை நிறுத்திவிட்டா படித்தீர்கள், அக்கா?" என்று கேட்கிறார்கள். நிறுத்தவில்லை. பரீட்சை முடியும் வரை பைனோகுலரைப் பெட்டியில் பூட்டி வை என்று சொன்னவர்கள் ஏராளம். தனியார் வகுப்பில் ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் பெறுபேறு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

கடந்தகால வினாத்தாள், புள்ளியிடும் திட்டம், பல்தேர்வு வினாக்களுக்கு நேரம் பிரிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. வானத்தைப் படிப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள், முன்னால் வையுங்கள். மாலையில் பார்க்க வேண்டாம். விடியற்காலையில் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. மாலை வானத்துக்கு முடிவு கிடையாது. ஏழரைக்கு முற்றத்தில் இறங்கினால் சனி ஏறும் வரை நிற்கத் தோன்றும். சனி ஏறினால் வியாழன் வரும் வரை நிற்கத் தோன்றும். "இவ்வளவு படித்துவிட்டேன், இனிச் சற்றுப் பார்க்கலாம்" என்று வானத்தைப் பரிசாக வைத்துக்கொள்பவர்கள் களைத்த கண்ணோடு வெளியே போகிறார்கள், முகில் இருந்தால் மனம் நொந்து திரும்புகிறார்கள், முகில் இல்லாவிட்டால் பதினொரு மணி வரை நிற்கிறார்கள். பிறகு வீட்டில் சண்டை. விடியற்காலையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எங்கள் அகலக்கோட்டில் சூரியன் உதிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்பே கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். நான்கேகாலுக்கு வெளியே வந்தால் ஐந்து மணியை ஒட்டி மங்கலான பொருள்கள் மறையத் தொடங்கிவிடும். மனக்கட்டுப்பாடே வேண்டாம், சூரியன் உங்களை உள்ளே அனுப்பிவிடும். உள்ளே வந்து உட்காரும்போது தூக்கம் முழுவதும் கலைந்திருக்கும். ஐந்து முதல் ஆறரை வரை நான் செய்த இணைந்த கணிதக் கணக்குகள்தான் எனக்கு ஏ வாங்கித் தந்தன.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நகருக்கு மேற்கே உட்துறைமுகம் இருப்பதால் மாலையில் அந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம். கிழக்கே கடல். விடியற்காலையில் நட்சத்திரங்கள் ஏறி வருவது அந்த இருட்டுப் பக்கத்தில்தான்.

இனி வீட்டு விடயம். அம்மா இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார். மூன்றரைக்கு அடுப்பு மூட்டிவிடுவார். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் மூத்த பிள்ளை நான், அம்மாவுக்கு உதவி செய்தாக வேண்டும். சம்பலுக்கும் சொதிக்கும் தேங்காய் திருவுவது என் வேலை. அதை அடுப்படியில் மின்குமிழின் கீழ் இருந்து செய்வதை விட்டு, திருவலையை எடுத்துக்கொண்டு பின் முற்றத்தில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தேன். கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். தேங்காய் திருவ வெளிச்சம் தேவையில்லை. சிரட்டையின் ஓரத்தைப் பெருவிரல் உணர்ந்துகொள்ளும், கறுப்புத் தோல் வரை போய்விட்டதா என்பதைத் திருவலைப் பல்லின் சத்தமே சொல்லிவிடும். தேங்காய்ப்பூ கிண்ணத்தில் நிறையும்போது கண்ணும் தயாராகிவிடும். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது அம்மா அடுப்படிப் பின்கதவைச் சாத்திவிடுவார், வெளிச்சம் முற்றத்தில் விழாதபடி. நான் அவரிடம் கேட்டது அந்தக் கதவு ஒன்றைத்தான்.

பக்கத்து வீட்டில் ஒருவர், "பொம்பிளைப் பிள்ளை நான்கு மணிக்கு முற்றத்தில் தனியே நிற்பது சரியா?" என்று அம்மாவிடம் கேட்டார். "நான் மூன்றரைக்கு எழும்பி நிற்பதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே" என்றார் அம்மா. குடும்பத்தோடு வானத்தைச் சேர்த்துக் கொண்டுபோவது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். வீட்டில் எந்த வேலை உங்களுடையதோ, அதற்குள்ளேயே வானத்துக்கு இடம் கண்டுபிடியுங்கள். வேலையைத் தட்டிவிட்டு வானம் பார்த்தால் வீடு வானத்தை வெறுக்கும்.

இந்த ஆசை எனக்கு வந்தது 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்தின்போது. அந்தக் கிரகணப் பாதை கட்டாரையும் கடந்தது, இலங்கையின் வடக்கையும் எங்கள் திருகோணமலையையும் கடந்தது. கட்டாரில் சூரியன் குறையோடுதான் உதித்தது. அப்பா தொலைபேசியில், "இங்கே தொடங்கிவிட்டது, உங்களிடம் வருகிறது" என்றார். எங்கள் வேப்பமரத்தின் நிழலில், இலை இடுக்குகளூடாக விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் வளையங்களாக மாறின. அடுத்த விடுமுறையில் அப்பா 10×50 பைனோகுலர் ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றுவரை என்னிடம் இருக்கும் கருவி அது மட்டும்தான்.

நான் கடைப்பிடித்தவை:

- இரவு ஒன்பதுக்குப் படுக்கை. அப்பாவுடன் பேசுவதை எட்டு மணிக்கு மாற்றினோம். அங்கே அப்போது ஐந்தரை.
- இரவு இரண்டு மணி வரை படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒத்துவராது. மாறிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பாதித் தூக்கத்தில் படித்த இரசாயனம் பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வராது.
- ஒரு காலையில் ஒரு பொருள் மட்டும். முதல்நாளே குறித்து வைத்துவிடுங்கள்.
- முகில் என்றால் அடுத்த நிமிடமே மேசைக்கு. காத்து நிற்கக் கூடாது.
- டோர்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள். கைத்தொலைபேசி உள்ளேயே இருக்கட்டும். நட்சத்திர வரைபடம் வேண்டுமென்றால் ஸ்டெலேரியம் என்ற வான வரைபடச் செயலியில் முதல்நாள் பார்த்துக் கையால் வரைந்துகொள்ளுங்கள்.

போயா நாளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூரணையன்று நிலவு வானம் முழுவதையும் கழுவிவிடும், மங்கலான எதையும் பார்க்க முடியாது. அன்று பாடசாலையும் இல்லை. முழு வினாத்தாள் செய்வதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. பரீட்சை நடக்கிற அதே நேரத்தில் உட்கார்ந்து, தம்பியை மணி பார்க்க வைத்து, பகுதி ஒன்றும் இரண்டும் அதே நாளில் எழுதுவேன். தம்பிக்கு மேற்பார்வையாளர் வேலை மிகவும் பிடித்துப்போனது. பூரணைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் வானத்தை விட்டுவிட்டு முழுத் தூக்கம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வானம். நிலவே என் நேர அட்டவணையைப் போட்டுத் தந்தது.

விடியற்காலையில் எங்கள் ஊரில் எப்போது என்ன தெரியும் என்று பலர் கேட்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்சில் தெற்கே ஒமேகா சென்டோரி. 34 பாகை உயரம் வரை ஏறும் இந்த உருண்டை வடிவ நட்சத்திரக் கொத்தை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாது. ஏப்ரலில் தனுசுப் பக்கம் பால்வீதியின் நடுப்பகுதி. ஜூலையில் அந்திரொமீடா விண்மீன்திரள். ஓகஸ்டில் கார்த்திகைக் கூட்டம் உயர்ந்து நிற்க, திருவாதிரை கிழக்கே ஏறியிருக்கும். செப்டெம்பர் முடிவில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம். துருவ நட்சத்திரத்தைத் தேடுபவர்கள் வடக்கு அடிவானத்துக்கு அருகே பாருங்கள், எட்டரைப் பாகைதான் உயரம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை வானத்தை மூடிவிடும், என் பரீட்சையும் அப்போதுதான் வந்தது. எங்கள் பக்கத்து இயற்கையே பாதி வேலையைச் செய்துவிட்டது.

2024 எனக்குக் கொடுத்து வைத்த வருடம். ஓகஸ்ட் நடுவில் செவ்வாயும் வியாழனும் ரிஷபத்தில் ஒட்டினாற்போல் நின்றன. பிறகு செப்டெம்பர் முடிவில் வால்வெள்ளி. ட்சுசின்ஷான்-அட்லஸ் என்ற அந்த வால்வெள்ளி செப்டெம்பர் 27இல் சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அதையொட்டிய காலைகளில் கிழக்கு அடிவானத்தில், சூரியனுக்குச் சற்று முன்னால் எழுந்தது. எங்கள் முற்றத்திலிருந்து அடிவானம் தெரியாது. கடற்கரைக்குப் போனால்தான் பார்க்கலாம். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அம்மம்மா, வால்வெள்ளி தோன்றினால் கேடு வரும், பரீட்சைக்குப் போகிற பிள்ளை பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். நான் வாதாடவில்லை. அது சூரியனைச் சுற்றி வரும் பனியும் தூசியும் என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டினேன். அம்மம்மா தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பார்த்துவிட்டு வந்து முகம் கழுவு" என்றார்.

அன்று அம்மா அரை மணி நேரம் முன்பே அடுப்பு மூட்டி முதல் ஈடு இடியப்பத்தை இறக்கிவிட்டு, சித்தியிடம் மிச்சத்தை ஒப்படைத்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு மூவரும் டச்பே கடற்கரைக்குப் போனோம். ஐந்து மணி தாண்டியதும், கடலுக்குச் சற்று மேலே, பைனோகுலரில் வால் நிமிர்ந்து நின்றது. கீழே கூர்மையான தலை, மேலே விரிந்துபோகும் வெளிச்சம். அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கை மாவில் காய்ந்திருந்தது, பிடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்து முடித்து எனக்குத் திருப்பித் தரும்போது கிழக்குச் சிவந்துவிட்டது. ஆறு மணிக்கு நான் மேசையில் இருந்தேன்.

ஒக்டோபர் நடுவில் அதே வால்வெள்ளி மாலை வானத்துக்கு வந்தது. நண்பர்கள் வரச் சொன்னார்கள். போகவில்லை. மாலை வானம் கூடாது என்று வைத்த விதியைப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கியது. வெள்ளத்தால் 27இலிருந்து நிறுத்தி, டிசம்பர் 4இல் மீண்டும் ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் பலர் குலைந்துபோனார்கள். மழை கொட்டினாலும் நான் நான்கு மணிக்கே எழும்பினேன். தேங்காயை உள்ளே இருந்து திருவினேன், ஐந்துக்கு மேசை. பழகிய நேரத்தை மாற்றாததால் மீண்டும் தொடங்கிய நாளில் தடுமாற்றமே இல்லை.

வானம் பார்த்தால் புள்ளி கூடுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: நேரடியாக மிகக் குறைவு. வானியல் தொலைகாட்டியின் இயல்பான செப்பஞ்செய்கை, அதாவது கண் சிரமப்படாமல் பார்க்கும்படி வில்லைகளை அமைப்பது, எனக்குப் படம் இல்லாமலே புரிந்தது. 10×50 என்றால் பத்து மடங்கு கோண உருப்பெருக்கம், 50 மில்லிமீற்றர் பொருளி வில்லை. வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மில்லிமீற்றர். இதைக் கையில் வைத்துப் படித்தவளுக்கு அந்தப் பகுதி மறக்காது. திருவாதிரையின் செம்மையையும் ரைஜலின் நீலவெள்ளையையும் பார்த்தவர்களுக்கு, வெப்பநிலை கூடக் கூட ஒளி நீலப் பக்கம் நகரும் என்கிற வீனின் விதியும் அப்படியே. சேதன இரசாயனத்துக்கு வானம் எதுவும் தராது. அதற்கு எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

கருவி பற்றி: பரீட்சைக்கு முன் தொலைகாட்டி வாங்காதீர்கள். தூக்கி வைத்து, சரிசெய்து, ஒரு பொருளைப் பிடிப்பதற்குள் உங்கள் அரை மணி போய்விடும். பைனோகுலர் போதும். கடற்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், ஆதலால் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளைச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் வைத்திருங்கள்.

2025இல் எழுதுபவர்கள் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஓகஸ்ட் 12 விடியற்காலையில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் கிழக்கே நிற்கும். செப்டெம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம், ஏறக்குறைய பதினொரு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை நிலவு சிவந்திருக்கும். அது போயா, ஞாயிற்றுக்கிழமையும்கூட. அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஒன்பது மணி விதியைத் தளர்த்தலாம். காலையில் வினாத்தாளை முடித்துவிட்டு, பிற்பகல் தூங்கி எழும்பி, பத்து மணிக்கு வீட்டில் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். திங்கள் விடியற்காலையில் வானம் வேண்டாம், ஐந்தரை வரை தூங்குங்கள்.