நாவலுக்கு வந்த பதில்கள்

சொந்தச் செலவில் அச்சடித்த என் நாவலை மியான்மரின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) நானே கையில் எடுத்துப்போய்க் கொடுக்கிறேன். 1942-இல் ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி, எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே போன பர்மாத் தமிழர்களின் கதை அது. வாசித்தவர்கள் எழுத்து நடையைப் பற்றியோ முடிவைப் பற்றியோ பேசுவதில்லை. தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்! "எங்க தாத்தா வழியிலேயே தம்பியைப் புதைச்சிட்டுத்தான் நடந்தாராம். அதையும் எழுதுங்க தம்பி" என்றார் ஓர் அக்கா. 1960-களில் பள்ளிகள் அரசுடைமையாகி அங்கே தமிழ்ப் பாடம் நின்ற பிறகு வளர்ந்த பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால் ஒருவர் உரக்க வாசிக்க, வீடே உட்கார்ந்து கேட்கிறது. இதைவிடப் பெரிய வாசிப்பை நான் கேட்டிருக்க முடியாது.

சரி, அடுத்த நாவல் 1964 பற்றி. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போனது உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.