4.6 கிராம் கார்ன் பாம்புக்குட்டி: பொரித்ததிலிருந்து 20 கிராம் வரை

கார்ன் பாம்பு வீட்டில் வளர்க்கும், நஞ்சில்லாத வட அமெரிக்கப் பாம்பு. இந்தக் குட்டியின் தொடக்க எடை 4.6 கிராம். நல்ல நிலையில் பொரிக்கும் கார்ன் பாம்புக்குட்டி பெரும்பாலும் 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். அந்த ஈட்டில் கடைசியாக முட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த குட்டி இது. வயிற்றில் தொப்புள் பிளவு மூடவில்லை, மஞ்சள் கருவின் மிச்சம் பட்டாணி அளவுக்கு ஒட்டியிருந்தது. முதுகெலும்பு துருத்தித் தெரிந்தது, விலாத் தோலில் சுருக்கம். ஆனால் நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தது, மல்லாத்திப் போட்டால் தானாகப் புரண்டது. இந்த இரண்டும் இருந்தால் முயன்று பார்க்கலாம். தலையை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு, புரளத் தெரியாமல் கிடக்கும் குட்டிக்கு இருப்பது நரம்புக் கோளாறு. கீழே உள்ள எதுவும் அதற்கு உதவாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவை இழுக்கவோ, அறுக்கவோ, நூல் கட்டவோ கூடாது. இழுத்தால் உள்ளிருக்கும் இரத்தக் குழாய் கிழியும். மூடியில் துளையிட்ட சின்ன டப்பா, அடியில் ஈரமான டிஷ்யூ, 27-28 டிகிரி செல்சியஸ், இருட்டு, அவ்வளவுதான். டிஷ்யூ காய்ந்தால் மஞ்சள் கரு அதில் ஒட்டிக்கொண்டு, குட்டி நகரும்போது பிய்ந்துவிடும். அதனால் காலையும் மாலையும் ஈரம் பார்க்க வேண்டும். மிச்சம் உள்ளே போகாவிட்டால் காய்ந்து சுருங்கித் தானே உதிரும். இந்தக் குட்டிக்குக் காய்ந்துதான் உதிர்ந்தது.

இந்தக் கட்டத்தில் இரை வேண்டவே வேண்டாம். உடலுக்குள் போன மஞ்சள் கருவே முதல் நாட்களுக்கான சாப்பாடு. மெலிந்திருக்கிறதே என்று உடனே வாயைத் திறந்து ஊட்டுவதில்தான் பலவீனமான குட்டிகள் அதிகம் போகின்றன. சூடும் நீரும் சரியாகாத உடம்பில் இரை செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். முதலில் சூடு, அடுத்து நீர், பிறகு மறைவிடம், கடைசியில்தான் இரை.

தொப்புள் மூடியதும் இருப்பிடம் மாற்றம். 5-6 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். பெரிய கண்ணாடித் தொட்டியில் குட்டி ஒடுங்கிப்போய் இரையைத் தொடாது. காற்றுத் துளைகள் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம், தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். அடியில் வெள்ளை டிஷ்யூ. மரத்தூள், தேங்காய் நார்த்தூள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெள்ளையில்தான் உண்ணிகளின் கரும்புள்ளியும், கழிவின் நிறமும், கக்கியதும் கண்ணில் படும்.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) டப்பின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைச் செருகவே கூடாது. கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டும், அடிவயிறு வெந்தாலும் குட்டி நகராமல் அங்கேயே கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி காற்றில் தொங்காமல், குட்டி படுக்கும் தரையைத் தொட வேண்டும். சூடான பக்கம் 29-30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 23-24. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைவிடம், உடம்பு சுவரில் உரசும் அளவு இறுக்கமாக. ஒரு பக்கம் மட்டும் மறைவிடம் இருந்தால் குட்டி சூட்டைப் பார்க்காது, பயத்தைத்தான் பார்க்கும்: குளிர்ந்த பக்கத்து மறைவிடத்திலேயே கிடந்து செரிக்காமல் திணறும்.

நீர்ச்சத்துக் குறைவை மூன்று இடத்தில் பார்த்தோம். விலாத் தோலை மெல்லக் கூட்டிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது, வாயில் எச்சில் நூலாக இழுத்தது, கழிவின் வெள்ளைப் பகுதி சுண்ணாம்புபோல் மிருதுவாக இல்லாமல் மஞ்சளாகக் கட்டிப்போயிருந்தது. மருந்து வெதுவெதுப்பான தண்ணீர்தான். 28-30 டிகிரி, ஆழம் உடம்பின் பாதி உயரம், 15 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பக்கத்திலேயே இருக்க வேண்டும், பலவீனமான குட்டிக்குத் தலையைத் தூக்கிப் பிடிக்கவே தெம்பு இருக்காது. சர்க்கரை கலந்த பானம் எதுவும் வேண்டாம். மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றினால்கூட இந்த எடைக்கு 0.1 மில்லி அளவுதான், வீட்டில் ஊசி எடுக்கும் வேலை இல்லை.

முதல் சட்டை வழக்கமாகப் பொரித்த 7-10 நாளில் உரியும். இந்தக் குட்டிக்குத் தாமதமாக, துண்டு துண்டாக உரிந்தது. வால் நுனியில் ஒரு வளையம் நின்றது. அதை விட்டுவைத்தால் இறுகி இரத்த ஓட்டத்தை அடைத்து நுனி கறுத்து விழும். ஈரத்துணி மடிப்புக்குள் அரை மணி நேரம் ஊர விட்டதில் கழன்றது. கண்ணை மூடியிருக்கும் பழைய தோல் உரியாமல் நின்றால் இடுக்கியால் தொடக்கூடாது. ஈரப்பாசி வைத்த மறைவிடம் ஒன்று கொடுத்தால் அடுத்த உரிப்பில் சேர்ந்து வந்துவிடும்.

இந்தக் கட்ட முடிவில் எடை 4.2. இறங்கத்தான் செய்தது, ஆனால் தோல் மடிப்பு நிற்கவில்லை, கழிவு வெள்ளையாக வந்தது. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 5 கிராம் உடம்பில் அரை கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, கண்ணுக்கு அது தெரியாது. வாரம் ஒருமுறை, இரைக்கு முன்னால், மூடிபோட்ட லேசான கப்பில் வைத்து எடை பார்ப்பது போதும். தினமும் எடுத்தால் அந்தப் பதற்றத்திலேயே இரை மறுக்கும்.

இரை: பிங்கி, அதாவது பிறந்து ஒரு நாளான, முடி முளைக்காத சுண்டெலிக்குட்டி, சுமார் 1 முதல் 1.5 கிராம். உறைந்ததைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, பிறகு பையில் போட்டு வெந்நீரில் சுமார் 38 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். முழு பிங்கியைக் குட்டி முகர்ந்துவிட்டு விலகியது. வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசி, துடைத்துக் கொடுத்தோம். அதையும் தொடவில்லை. பிங்கியின் மண்டைத் தோலைக் கீறி மூளை லேசாகக் கசியவிட்டு, குட்டியோடு ஒரு சின்ன கப்பில் இரவு முழுக்க இருட்டில் விட்டதில் பாதி வெற்றி: கடித்தது, விழுங்கவில்லை. காட்டில் இந்த இனத்துக் குட்டிகள் பல்லியையும் சிறு தவளையையும் தின்று வளர்பவை. அதனால் பல்லி உரித்த தோலைப் பிங்கியின் மூக்கில் தேய்ப்பது பல குட்டிகளிடம் பலிக்கும். வெளியில் பிடித்த பல்லியையே கொடுத்தால் ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 4-5 நாள் இடைவெளி விட வேண்டும். தினமும் முகத்துக்கு நேரே பிங்கியை ஆட்டினால் இரையே எதிரியாகிவிடும்.

எடை 4.0க்கு வந்தபோது துணை ஊட்டல். முழு பிங்கி இல்லை, தலைப்பகுதி மட்டும். தலைக்குப் பின்னால் இரு விரலால் மெதுவாகப் பிடித்து, இரையைத் தண்ணீரில் நனைத்து, அதன் மூக்கால் உதட்டு ஓரத்தில் அழுத்தினால் வாய் திறக்கும். பல்லில் மாட்டும் அளவு உள்ளே வைத்ததும் நிறுத்திவிட வேண்டும். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, துப்புவதைவிட விழுங்குவது எளிது. குட்டியைக் கீழே வைத்து, சிலைபோல் அசையாமல் இருக்க வேண்டும். முதல் இருமுறை உதறித் தள்ளியது, மூன்றாவதில் விழுங்கியது. தொண்டைவரை குச்சியால் தள்ளுவது வேறு வேலை. வாயின் அடித்தளத்தில், நாக்கு வெளிவரும் உறைக்கு மேலே மூச்சுத்துளை இருக்கிறது, அதில் திரவம் இறங்கினால் நிமோனியா. கூழ் ஊட்டும் குழாயும் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

இரைக்குப் பின் 48 மணி நேரம் தொடக்கூடாது. இரண்டாம் இரையைக் குட்டி மூன்றாம் நாள் கக்கியது. காரணம் அளவு: தலைப்பகுதியிலிருந்து ஒரே தாவலில் முழு பிங்கிக்குப் போனதுதான். கக்கும்போது செரிமான அமிலமும் குடல் நுண்ணுயிர்களும் வெளியேறுகின்றன, உணவுக்குழாயும் புண்ணாகிறது. எடை குறைகிறதே என்று மறுநாளே ஊட்டினால் அதையும் கக்கும். 10-14 நாள் தண்ணீர் மட்டும், பிறகு பாதி அளவு இரை, அதே அளவில் மூன்று இரை தங்கிய பிறகே ஏற்றம். சூடும் அளவும் சரியாக இருந்தும் மூன்றாவது முறை கக்கினால், அல்லது நடு உடம்பில் வீக்கம் தெரிந்தால், கழிவைக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கான சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் குட்டியின் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எதுவும் வேறு பாம்பிடம் போகக்கூடாது.

பிறகு ஏற்றம் சீராக இருந்தது. 4.9 கிராமில் பாதி பிங்கியைத் தானாக இடுக்கியிலிருந்து எடுத்தது. அதன்பின் துணை ஊட்டல் இல்லை. 6 கிராமில் முழு பிங்கி, 5 நாளுக்கு ஒன்று. இரையின் தடிமன் குட்டியின் உடம்பில் மிகத் தடித்த இடத்தைவிடச் சற்றே கூடலாம், ஒன்றரை மடங்கு என்பது மேல் எல்லை. 9 கிராமில் முதல் முழுச் சட்டை, கண்மூடியோடும் வால்நுனியோடும் ஒரே உறையாக.

எடை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். குறுக்குவெட்டில் முதுகு கூரைபோல் மேலே கூர்ந்திருந்தால் இன்னும் மெலிவுதான். கழிவுத்துளைக்குப் பின்னால் வால் திடீரென ஒடுங்கினாலும் அப்படியே. இந்தக் குட்டிக்கு முதுகு உருண்டது 12 கிராமில். அங்கே ஒரு தூண்டுதல் வரும், இரண்டு இரண்டாகக் கொடுத்து வேகமாக ஏற்றலாமே என்று. வேண்டாம், கக்கிய வரலாறு உள்ள குட்டிக்கு 5-6 நாள் இடைவெளியே போதும். 16 கிராமில் பெரிய பிங்கி, 20 கிராம் தாண்டியதும் ஃபஸ்ஸி, அதாவது மெல்லிய முடி முளைத்த சுண்டெலிக்குட்டி.

மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சு, சீறல் இல்லாமலே விசில் சத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊட்டலை நிறுத்திவிட்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், மனிதருக்கு வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா ஆரோக்கியமான பாம்பிடமும் இருக்கும்.

டப் மாற்றம் 20 கிராமுக்குப் பிறகுதான், அதுவும் ஃபஸ்ஸி தொடங்கிய அதே வாரத்தில் இல்லை. பழைய மறைவிடங்களைக் கழுவாமல் புதிய டப்பில் வைத்து, முதல் இரண்டு இரையைப் பழைய அளவிலேயே கொடுத்தால் மறுக்காமல் எடுத்துக்கொள்ளும்.