மச்சானும் ஒரு சின்ன ‘ஏ’யும்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் முதல் இருபது நாள் மச்சான் உருப்படியாத்தான் இருந்தார். படகைக் கரையேத்தி, பலகை இடுக்கில் பஞ்சு அடைச்சு, பெயின்ட் வரைக்கும் முடிச்சாச்சு. இருபத்தோராம் நாள் ஜிபிஎஸ்ஸை உபுண்டு லினக்ஸ் ஓடுற லேப்டாப்பில் மாட்டி, ஓபன்சிபிஎன்னுங்கிற கடல் மேப் சாஃப்ட்வேரில் பாம்பன் கடலைப் பார்க்கணும்னு தோணிடுச்சு.

ஜிபிஎஸ் பேசுற சீரியல் போர்ட்டைத் தொட, நம்ம யூசர் பேர் ‘டயல்அவுட்’ங்கிற அனுமதி குரூப்பில் இருக்கணும். அதுக்கான கமாண்டை ‘யூசர்மாட் -ஜி டயல்அவுட்’னு அடிச்சிருக்கார். ஜிக்கு முன்னாடி ஒரு சின்ன ‘ஏ’ இருந்தா, ஏற்கெனவே இருக்கிற குரூப்புகளோட இதையும் சேர்க்கும். இல்லைன்னா மத்ததையெல்லாம் கழட்டிட்டு இதை மட்டும் மாட்டிவிடும். அட்மின் அதிகாரம் தர்ற சூடோ குரூப்பும் சேர்ந்தே போச்சு. லாக் அவுட் செஞ்சு வந்தார், ஜிபிஎஸ் ஓடிச்சு, தெருவுக்கே காட்டினார். சாயங்காலம் அப்டேட் போடப் போனா, ‘நீங்கள் சூடோயர்ஸ் ஃபைலில் இல்லை. இந்தச் சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்.’

“மாப்ள, யாருக்குடா ரிப்போர்ட் போகுது? நேவிக்கா?”

இந்தக் கரையில் அப்படித்தான் கேப்பாங்க. போறது அட்மினுக்கு. அட்மின் அவரேதான்.

உபுண்டுவில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு பூட்டியே இருக்கும், அதனால ரூட்டா மாறுற எஸ்யூ கமாண்டும் உதவாது. ரீஸ்டார்ட் செஞ்சு, பூட் மெனு வர எஸ்கேப் ஒரே தடவை தட்டணும். கூடத் தட்டினா மெனுவைத் தாண்டி, கமாண்ட் கேக்கற கிரப் ப்ராம்ப்ட்டில் விட்டுடும். மச்சான் ஏழு தடவை தட்டினார். மறுபடி ரீஸ்டார்ட். மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’னு ஆரம்பிக்கிற வரியில் ஆர்ஓவை (படிக்க மட்டும்) ஆர்டபிள்யூ (எழுதவும்) ஆக்கி, குவயட் ஸ்ப்ளாஷைத் தூக்கிட்டு, கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’, அதாவது முதல் ப்ரோக்ராமா பாஷ் ஷெல்லையே ஓட்டு. கன்ட்ரோல்-எக்ஸ். நேரா ரூட்.

உடனே யூசர்மாட் அடிக்கக் கூடாது. குரூப் பட்டியல் இருக்கிற /ஈடிசி/குரூப் ஃபைல் பக்கத்திலேயே, அதே பேருக்குப் பின்னாடி ஒரு கோடு போட்ட ஃபைல் இருக்கும். அது மாத்தறதுக்கு முந்தின நகல், பறிபோன குரூப்பெல்லாம் அதில் இருக்கு. அடுத்த மாற்றம் அதையும் அழிச்சு எழுதிடும். முதல்ல பார்த்து பீடி அட்டையில் எழுதிக்கிட்டு, அப்புறம்தான் ‘-ஏஜி’ போட்டு மொத்தத்தையும் சேர்த்தேன். எழுதினது டிஸ்க்கில் பதிய ‘சிங்க்’. ‘ரீபூட் -எஃப்’ அடிக்கறதுக்குள்ள மச்சான் குனிஞ்சு ‘எக்ஸிட்’ அடிச்சார். அந்த பாஷ்தான் இனிட், அது செத்தா கர்னல் பேனிக், சிஸ்டமே நின்னுடும். ஸ்கிரீன் பூரா எழுத்து. சிங்க் போட்டதால தப்பிச்சோம். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சேன்.

அக்கா காபியோட நின்னு பார்த்துட்டே இருந்தா.

“பாஸ்வேர்டு எங்கயுமே கேக்கலையே?”

“டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணிப் பூட்டலைல்ல. லேப்டாப் கையில இருந்தாப் போதும்.”

காபி மச்சான் கைக்குப் போகலை, மேசைக்குப் போச்சு.

“டீசல் கணக்கெல்லாம் இதுலதான வெச்சிருக்காரு? அந்த இனிட் வரியை இன்னொரு தடவை சொல்லு, எழுதிக்கிறேன்.”