மருமகனுக்கு ஒரு வாள்

போன மாசியில் ஒருநாள் லண்டனிலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில் எடுத்தான். "மாமா, பிரிட்டிஷ் ஆமி ஒபிசர் வாள் ஒண்டு வாங்கப்போறன். பழசு. நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "வாளோ? உவனுக்கென்ன விசரே?"

அவளைப் பிழை சொல்ல ஏலாது. யாழ்ப்பாணத்து முத்திரைச் சந்தியில் சங்கிலிய மன்னன் சிலையாகக் குதிரைமேல் வாளோடு நிற்பது வேறு கணக்கு. இப்ப இங்கே வாள் என்றால், முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வாள்வெட்டுக்கு வருகிற பெடியள்தான் கண்ணுக்குள் வருவார்கள்.

நான் அப்பாவின் கம்மாலையில் வளர்ந்தவன். மண்வெட்டி, காட்டுக்கத்தி, பாளைக்கத்தி, இவ்வளவுதான் எங்கள் வேலை. ஒருநாள் இரண்டு பேர் லொறி ஸ்பிரிங் தகட்டோடு வந்து மூன்றடியில் வாள் கேட்டார்கள். அப்பா துருத்தியை நிறுத்தினார். "இதில காட்டுக்கத்தி நாலு வரும். வேணுமெண்டால் அடிச்சுத் தாறன்" என்றார். வந்தவர்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே எனக்கு இரும்பு தெரியும், வாள் தெரியாது. மருமகனுக்காக மூன்று கிழமை இருந்து வாசித்தேன்.

அவன் கேட்டது 1897ஆம் ஆண்டு வகுத்த வடிவத்தில் செய்த காலாட்படை அதிகாரியின் வாள். நேரான அலகு, முப்பத்திரண்டரை அங்குலம். வெட்டுவதற்கில்லை, குத்துவதற்கென்றே ஒடுக்கமாகச் செய்தது. நேர் வாள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அலகு ஐம்பது சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008இல் அங்கே தடை வந்தது. 1954க்கு முந்தியவை போன்ற சிலதுக்குத்தான் விலக்கு.

முதல் அனுப்பிய படம் கண்ணைப் பறித்தது. "தராசில வை" என்றேன். ஒன்றரைக் கிலோ! அசல் ஒரு கிலோவும் வராது. அது துருப்பிடிக்காத உருக்கில் செய்த அலங்காரச் சாமான். சுவரில் கொழுவலாம். ஓங்கி எதிலாவது அடித்தால் பிடி கையில் மிஞ்சும், அலகு எங்கே பறக்கும் என்று தெரியாது. நீள அலகுக்கு வளைந்து நிமிரும் குணம் வேண்டும். அது கார்பன் உருக்கைக் காய்ச்சித் தோய்த்து, திரும்பச் சூடுகாட்டிப் பக்குவப்படுத்தினால்தான் வரும்.

அப்பா சந்தைக் கத்தி எதையும் வெட்டுவாயைப் பார்த்து வாங்கமாட்டார். பிடியைத்தான் ஆட்டிப் பார்ப்பார். பிடிக்குள்ளே போகிற இரும்பு அலகோடு ஒரே இரும்பாக, அகலமாக, அடிவரைக்கும் போகவேண்டும். போலி வாளில் அந்த இடத்தில் எலிவால் மாதிரி ஒரு கம்பியை ஒட்டவைத்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. காதுக்குத் தெரியும். இரண்டாவது வாளை வீடியோவில் காட்டினான். "போனைக் கிட்டப் பிடிச்சு ஆட்டடா." கடகட என்றது. அதையும் விடச்சொன்னேன்.

மூன்றாவது, வில்கின்சன் என்ற கொம்பனி செய்த பழைய வாள். அந்தக் கொம்பனி 2005இல் வாள் செய்வதை விட்டுவிட்டது. அலகின் முதுகில் இலக்கம் இருந்தது. அதைக் கொண்டு பழைய பதிவேடுகளில் வாள் எந்த ஆண்டு செய்தது, பல வேளைகளில் யார் வாங்கினார் என்பதுகூடத் தேடலாம். பிடியின் கைக்காப்பில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை, ஆகவே அவர் ஆண்ட 1910க்கும் 1936க்கும் இடையில் செய்தது. பனஞ்சலாகையைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை மூடி முதுகு நீளத்துக்குப் பார்க்கச் சொன்னேன். நேர்தான். ஆட்டினால் சத்தமில்லை.

"மாமா, அலகில கறுப்புப் புள்ளியள் இருக்கு. விக்கிற ஆள் பொலிஷ் பண்ணித் தாறனெண்டுறார்."

"வாயை மூடிக்கொண்டு இருக்கச்சொல்லு!" அலகில் மெல்லிசாக அரித்து வரைந்த பூவேலை இருக்கிறது. உரஞ்சினால் முதலில் போவது அதுதான். நகத்தால் தடவிப் பார்த்துக் குழி ஆழமில்லை என்றால் அப்படியே விடவேண்டும். கூர் தீட்டிய தடம் இருந்தாலும் குறையில்லை. அப்ப சமாதான காலத்தில் இந்த வாள்களுக்குக் கூர் வைத்ததில்லை, சண்டைக்குப் புறப்படும்போதுதான் தீட்டினார்கள்.

வாங்கிவிட்டான். விலையைத் தங்கச்சிக்குச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து காட்டவா என்று கேட்டான். நீ மட்டும் வா என்றேன்.

தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதே, தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், தையல் மெசின் எண்ணெயை மெல்லிசாகப் பூசிப் புறம்பாக வை என்று நாலு தரம் சொல்லியிருந்தேன். விசயதசமி அன்று படம் அனுப்பினான். சாமிப்படத்துக்கு முன்னால் வாள், அலகு நிறையச் சந்தனமும் குங்குமமும். தங்கச்சி அப்பதான் முதல்தரம் சிரித்தாள். "பாருங்கோ அண்ணை, பொட்டெல்லாம் வைச்சிருக்கிறான்."

நான் உடனே கோல் எடுத்தேன். "பூசை முடிஞ்சுதோ? முதல்ல உந்த ஈரத்தைத் துடையடா."